ராத்திரி 2:12: புத்தூர்க் கல்யாணம் ஒன்றுக்குக் கேமரா வைத்த கணக்கு

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் இந்தக் கல்யாணத்துக்கு நான் ஏன் இவ்வளவு மெனக்கெட்டேன் என்பது புரியாது.

சில வருஷங்களுக்கு முன்னால் சித்தூர்ப் பக்கம் ஒரு தெலுங்குக் கல்யாணம். அப்போது எனக்குச் சொந்த ஸ்டுடியோ இல்லை. இன்னொருவரிடம் இரண்டாவது கேமராவாகப் போய்க்கொண்டிருந்தேன். மேடையில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே ஒரு துணியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பந்துலு, அதாவது தெலுங்குப் புரோகிதர், மந்திரம் சொல்லிக்கொண்டே இருந்தார். தாலித் தட்டு இன்னும் சபைக்குள் ஆசீர்வாதத்துக்குப் போகவில்லை. இப்போதைக்கு ஒன்றும் நடக்காது என்று நினைத்து, பேட்டரி மாற்றக் கீழே இறங்கினேன். திடீரென்று மேளம் உச்சத்துக்குப் போனது. திரும்பிப் பார்த்தால் மேடை முழுக்க முதுகுகள். நான் ஏறி இடம் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்து, துணியை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

தாலி கட்டியதை ஒரு குறையும் இல்லாமல் எடுத்தேன். ஆல்பம் பார்த்த பெண்ணின் அப்பா கோபப்படவில்லை. "தாலி நல்லா வந்திருக்கு தம்பி, கல்யாணம் எங்க?" என்று மட்டும் கேட்டார்.

தமிழ் வீட்டில் கெட்டிமேளம் தாலிக்குத்தான். தெலுங்கு வீட்டில் பஞ்சாங்கம் பார்த்துக் குறிக்கிற அந்த நிமிஷம் ஜீலகர்ர பெல்லத்துக்கு உரியது. சீரகத்தையும் வெல்லத்தையும் சேர்த்து அரைத்து, வெற்றிலையில் வைத்து, நடுவில் திரை இருக்கும்போதே மணமக்கள் ஒருவர் தலையில் ஒருவர் வைப்பது. சுமுகூர்த்தம் என்று பத்திரிகையில் அச்சடிப்பது இதன் நேரத்தைத்தான். தாலி அதற்கு அப்புறம், அரை மணி கழித்தோ ஒரு மணி கழித்தோ. எல்லையோரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான், பந்தியில் எத்தனையோ தெலுங்குக் கல்யாணம் சாப்பிட்டிருக்கிறேன். இருந்தும் இது தெரியவில்லை. சாப்பிடப் போகிறவனுக்கு மேடை தெரியாது.

மூன்று ஊர், இரண்டு பஞ்சாங்கம்

இப்போது என் ஸ்டுடியோ நகரியில். தெற்கே திருத்தணி, வடக்கே புத்தூர், தலைக்கு மேலே நகரி மூக்கு மலை. திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரைக்கும் ஆந்திராவில் இருந்த ஊர். அன்றைக்கு எல்லைக் கோட்டைத் திருத்தினார்கள், உறவுகளை யாரும் திருத்தவில்லை. அதனால் இந்தப் பக்கம் வருஷத்துக்கு நாலைந்து கல்யாணமாவது ஒரு வீடு தமிழ், ஒரு வீடு தெலுங்கு என்றுதான் வருகிறது.

இந்தக் கல்யாணமும் அப்படித்தான். மாப்பிள்ளை வீடு பொதட்டூர்பேட்டை, தறி ஓட்டுகிற தமிழ்க் குடும்பம். பெண் வீடு புத்தூர், வீட்டில் தெலுங்கு. ஆனால் பெண்ணின் அம்மா பிறந்தது அரக்கோணம் என்பதால் இரண்டு மொழியும் ஒரே வாக்கியத்தில் புரளும். 2025 சித்திரையில் அந்த அம்மாதான் போன் செய்தார்கள். "தம்பி, ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து நீங்களே எடுத்துடுங்க. தனித்தனியா ஆள் வெச்சா மேடையில சண்டைதான்."

நல்ல யோசனை. ஆனால் தேதி அப்போது முடிவாகவில்லை, அதை முடிவு செய்ய ஒரு மாதம் ஆனது. ஆடியில் தமிழ் வீட்டில் கல்யாணம் கிடையாது, அந்த வருஷம் ஆடி ஆகஸ்ட் 16 வரைக்கும் இருந்தது. தெலுங்குக் கணக்கில் மாதம் அமாவாசையோடு முடியும். ஆஷாடம் ஜூலை 24 அமாவாசையோடு போய், மறுநாளே சிராவணம் வந்துவிட்டது. அங்கே முகூர்த்தங்கள் தொடங்கியபோது இங்கே இன்னும் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சரி, ஆடி முடியட்டும் என்றால் ஆகஸ்ட் 23 அமாவாசைக்குப் பிறகு அவர்களுக்கு பாத்ரபதம், அதில் செய்யமாட்டார்கள். ஆவணியும் சிராவணமும் ஒன்றாக இருந்தது ஒரே ஒரு வாரம். அந்த வாரத்தில் ரோகிணி வந்தது ஆவணி ஒன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

இதில் போட்டோக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இருக்கிறது. இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துப்போகிற ஒரு வாரம் என்றால், எல்லையோரத்துக் கலப்புக் கல்யாணங்கள் அத்தனையும் அதே வாரத்தில்தான் விழும். கேண்டிட் (போஸ் இல்லாத படம்) எடுக்கிற பையன்கள், லைட் பிடிக்கிறவர்கள், எடிட்டர் எல்லோருக்கும் ஒரே தேதியில் இழுபறி. தேதி உறுதியாவதற்கு முன்பே அந்த வாரம் முழுவதையும் என் ஆட்களிடம் சொல்லி வைத்தேன். அப்படியும் ஒரு இடத்தில் சறுக்கினேன்.

விடிந்தால் திங்கள்

லக்னம் மிதுனம், நேரம் ராத்திரி 2 மணி 12 நிமிஷம். தெலுங்குப் பத்திரிகையில் "ஆதிவாரம் ராத்ரி, தெல்லவாரிதே சோமவாரம்" என்று போட்டிருந்தார்கள். ஞாயிறு ராத்திரி, விடிந்தால் திங்கள் என்று அர்த்தம். நம் நாள் கணக்கு சூரிய உதயத்திலிருந்து உதயம் வரை. கைப்பேசியின் நாள் கணக்கு நள்ளிரவோடு முடிந்துவிடும். பத்திரிகைப்படி முகூர்த்தம் ஞாயிறு 17-ஆம் தேதி, கைப்பேசிப்படி திங்கள் 18.

வேலூரிலிருந்து வரும் கேண்டிட் பையனிடம் "17-ஆம் தேதி புத்தூர்" என்று சொல்லியிருந்தேன். அவனும் 17-ஐ எனக்கு ஒதுக்கிவிட்டு, 18 அதிகாலை 4:30 முகூர்த்தம் ஒன்றுக்குத் திருத்தணியில் அட்வான்ஸ் வாங்கிவிட்டான். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு ரிசப்ஷன் முடிந்ததும் கிளம்பிவிடலாம் என்று நினைத்திருக்கிறான். மணிவாரியாக ஒரு தாள் எழுதி எல்லோருக்கும் அனுப்பியபோதுதான், கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு, இது வெளியே வந்தது. திருத்தணி வேலைக்கு வேறு ஆளைப் பிடித்துக் கொடுத்து, வித்தியாசத் தொகையை என் கையிலிருந்து போட்டேன்.

அதற்கப்புறம் நான் யாரிடமும் தேதி மட்டும் சொல்வதில்லை. "17 ஞாயிறு மாலை 4 மணிக்கு மண்டபத்துக்குள் வரவேண்டும், 18 திங்கள் காலை 10 மணிக்குத்தான் வெளியே போகலாம்." இப்படியே எழுதி, படித்தேன் என்று பதில் வாங்கிக்கொள்கிறேன்.

பந்துலு வீட்டுத் திண்ணை

வழக்கமாக வாடிக்கையாளர்கள் ஒரு பட்டியல் அனுப்புவார்கள். இணையத்தில் பார்த்த படங்கள்: ஜன்னலோரம் தொங்கும் புடவை, மோதிரம் மாட்டிய பூ, மருதாணிக் கை முகத்தை மூட கண் மட்டும் தெரிவது. இந்தப் பெண்ணும் அப்படி நாற்பது படம் அனுப்பினாள். எடுத்தோம், அழகாகவே வந்தன. அவற்றை யாருடைய கல்யாண ஆல்பத்திலும் செருகலாம், பொருந்தும்.

எனக்கு வேண்டிய பட்டியல் பந்துலுவிடம் இருந்தது. வெற்றிலை பாக்கு பழத்தோடு ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். என்னோடு மாப்பிள்ளையின் அக்கா வீட்டுக்காரரும் வந்தார். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தோம். ஒவ்வொரு சடங்குக்கும் மூன்று கேள்விதான்: எத்தனை நிமிஷம், யார் எங்கே நிற்பார்கள், அதற்கு முன்னால் என்ன நடந்தால் இது வரப்போகிறது என்று தெரியும்?

மூன்றாவது கேள்விக்குத்தான் அவர் சிரித்தார். "இதை யாரும் கேட்டதில்லை. எல்லாரும் கடைசியில வந்து, இன்னொரு தடவை வையுங்கோம்பா." அப்புறம் சொன்னார்: "ரெண்டு பன்னெண்டுன்னா ரெண்டு பன்னெண்டுதான். உங்க கேமராவுக்காக லக்னம் நிக்காது. ஆனா ஒண்ணு செய்யறேன். நேரம் நெருங்கறப்போ வலது கையைத் தூக்கி மேளக்காரருக்கு ஜாடை காட்டுவேன். அதுக்கு முன்னாடி உங்களை ஒரு தடவை பார்ப்பேன்."

அந்த ஒரு பார்வைக்கு நான் இரண்டு தடவை போகவேண்டியிருந்தாலும் போயிருப்பேன்.

முடிச்சு விஷயமும் அந்தத் திண்ணையிலேயே முடிந்தது. தெலுங்கு முறையில் மூன்று முடிச்சையும் மாப்பிள்ளையே போடுவார். பொதட்டூர்பேட்டை வீட்டில் முதல் முடிச்சு மாப்பிள்ளை, மற்ற இரண்டும் நாத்தனார். இதை மேடையில் வைத்து முடிவு செய்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அக்கா வீட்டுக்காரர் கேட்டார், பந்துலு ஒத்துக்கொண்டார்: ஒன்று அவன், இரண்டு அவள். எனக்கு அதில் கிடைத்தது ஒரு இடம். நாத்தனார் பெண்ணுக்குப் பின்னால் நிற்பார் என்றால், முடிச்சுப் படம் எடுக்கிற ஆள் முன்னாலேயே பின்பக்கம் போய் உட்கார்ந்திருக்கவேண்டும்.

மதுபர்க்கம் பற்றியும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஜீலகர்ர பெல்லம் முடிந்ததும் மணமக்கள் உடை மாற்றுவார்கள், சிவப்புக் கரை போட்ட வெள்ளை நூல் துணி. தாலி அந்த வெள்ளையில்தான். சிவப்புப் பட்டுப் புடவையைத்தான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள் என்பதால் மாப்பிள்ளை வீட்டுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்று பெண்ணின் அம்மாவிடம் சொன்னேன். சொன்னார்களாம். மாப்பிள்ளையின் ஆயாவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அது பிறகு.

யார் யாரோடு பேசுவதில்லை

இரண்டு வீட்டிலும் குரூப் போட்டோ பட்டியல் கேட்டேன். பெண் வீடு பதின்மூன்று, மாப்பிள்ளை வீடு ஒன்பது, ஆக மொத்தம் இருபத்திரண்டு. ஆளைக் கூப்பிட்டு, நிற்கவைத்து, ஓடும் குழந்தையைப் பிடித்து வந்து எடுக்க ஒரு குரூப்புக்கு இரண்டு நிமிஷம் என்று வைத்தாலும் முக்கால் மணி நேரம். அதற்கு ரிசப்ஷனில் 7:30 முதல் 8:15 வரை ஒதுக்கினோம். ஒவ்வொரு வீட்டிலும் ஆள் கூப்பிட ஒருவர்: அந்தப் பக்கம் சித்தப்பா, இந்தப் பக்கம் அக்கா வீட்டுக்காரர். நான் கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள். உறவுக்காரர் முறை வைத்துக் கூப்பிட்டால்தான் சாப்பாட்டு இலையிலிருந்துகூட எழுந்து வருவார்கள்.

இன்னொன்றும் கேட்கவேண்டும், கொஞ்சம் சங்கடமான கேள்வி: யார் யாரோடு பேசுவதில்லை? பெண்ணின் பெரியப்பா வீட்டோடு இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை, ஆனால் கல்யாணத்துக்கு வருவார்கள். "எல்லாரும் ஒண்ணா வாங்க" என்று மைக்கில் ஒரு போட்டோக்காரன் கத்தினால் போதும், இரண்டு வருஷக் கதை மேடைக்கு வந்துவிடும்.

பெண் தனியாக ஒன்று சொன்னாள். அவளை வளர்த்த அத்தை ஒருவர் இருக்கிறார், கணவர் இல்லாதவர். நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக் கூடாது என்று அவராகவே ஒதுங்கிக்கொள்வார். "மேடைக்கு வரமாட்டாங்கண்ணா. நான் கூப்பிட்டாலும் வரமாட்டாங்க. நீங்க கீழேயே எடுத்துடுங்க. போஸ் குடுங்கன்னு சொல்லிடாதீங்க, எழுந்து போயிடுவாங்க." தாளில் அத்தை என்று எழுதி வட்டம் போட்டேன். மண்டபத்தில் அவர் எங்கே உட்காருவார் என்று கேட்டதற்கு, மேடைக்கு இடப்பக்கம், சமையலறைக் கதவுக்குப் பக்கத்துத் தூண் என்றாள்.

மண்டபத்தை ராத்திரியில் பார்ப்பது

மண்டபத்தைப் பகலில் போய்ப் பார்ப்பது வீண். ராத்திரிக் கல்யாணத்துக்கு ராத்திரி விளக்கைப் பார்க்கவேண்டும். வேறொரு வீட்டு விசேஷம் நடந்த ஒரு சனிக்கிழமை, மானேஜரிடம் கேட்டுக்கொண்டு ஓரமாக நின்று இருபது படம் எடுத்தேன்.

மூன்று விஷயம் கண்ணில் பட்டது. முதலாவது, மேடை விளக்குகள் மலிவான எல்இடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் இந்த விளக்குகள் நொடிக்கு நூறு தடவை மங்கி எரியும். ஷட்டரை 1/250 என்று வைத்தால் படத்தில் கறுப்புப் பட்டை விழுகிறது, 1/100-இல் விழவில்லை. ஆகவே முகூர்த்தத்துக்கு 1/100. கை ஆடாமல் பிடிப்பது நம் பொறுப்பு.

இரண்டாவது, பின்னணியில் எல்இடி வால். அது பின்னால் ஓடும்போது முன்னால் உள்ள முகம் மங்கலாகிவிடும். ராத்திரி ஒன்றரை மணிக்கு மேல் அதை அணைத்துவிட்டுப் பூத்திரை மட்டும் வைக்கலாம் என்று டெக்கரேஷன்காரரிடம் பேசினேன். ஒப்புக்கொண்டார்.

மூன்றாவதுதான் என் ஜென்ம விரோதி, பார் லைட். மேடையின் இரண்டு ஓரத்திலும் கத்திரிப்பூ நிறத்தில் அடிப்பார்கள். நேரில் பார்க்க ஜோராக இருக்கும். முகத்தில் விழுந்தால் மஞ்சள் பூசிய கன்னம் நாவல்பழம் தின்ற வாய் மாதிரி ஆகிவிடும். அந்த நிறத்தை எந்த எடிட்டராலும் முழுதாக எடுக்க முடியாது, கருப்புவெள்ளை ஆக்கித் தப்பிக்கலாம், அவ்வளவுதான். "ரிசப்ஷன் முடிஞ்சதும் பார் லைட் ஆஃப்" என்று டெக்கரேஷன்காரர் வாயாலேயே சொல்லவைத்தேன்.

ஜெனரேட்டர் மாற பதினைந்து நொடி ஆகும் என்றார் மானேஜர். அதற்காக பேட்டரியில் ஓடும் எல்இடி பேனல் ஒன்றை எங்கள் லைட் பையன் கையிலேயே வைத்திருப்பான் என்று முடிவானது.

பிறகு இடங்கள். திரை நடுவில் இருப்பதால் ஒரு கேமராவால் இரண்டு முகத்தையும் பார்க்க முடியாது. பெண் பக்கம் நான், மாப்பிள்ளை பக்கம் கேண்டிட் பையன். திரை இறங்கும்போது இருவரையும் சேர்த்துப் பிடிக்க, முன்னால் ஒரு மடக்கு ஏணியில் மூன்றாவது ஆள். நடுப்பாதையில் ஸ்டாண்டில் வீடியோ. ஏணியைப் பார்த்து அவன் முழித்தான். விழுந்தால் கவலையில்லை, எலும்புக் கட்டுக்கு ஊர் ஊராகப் புத்தூருக்குத்தானே வருகிறார்கள் என்றேன்.

ஜிம்மி ஜிப் (கிரேன் கேமரா) வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த மேடைக்கு அது ஒரு யானை. டிரோன், ரிசப்ஷன் வாசலுக்கு மட்டும்.

பணம் மூன்று தவணை: தேதி பிடிக்கக் கால் பங்கு, கல்யாணத்தன்று பாதி, ஆல்பம் கையில் கொடுக்கும்போது மீதி. இரண்டு வீடும் சமமாக. எந்த வீட்டுக்கு எத்தனை ஷீட், எத்தனை நாளில் படம் தேர்ந்தெடுத்துத் தரவேண்டும், ஆட்களுக்குச் சாப்பாடு எந்தப் பந்தியில் என்பது வரை தமிழிலும் தெலுங்கிலும் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். சாப்பாடு சின்ன விஷயமில்லை. பதினெட்டு மணி நேரம் நிற்கிறவனைக் கடைசிப் பந்திக்குத் தள்ளினால் 2:12-க்கு அவன் கை நடுங்கும்.

அந்த ராத்திரி

ஆறு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை வீட்டு வண்டி முக்கால் மணி தாமதம், டிரோன் பெட்டியிலேயே தூங்கியது. குரூப் போட்டோவுக்கு ஒதுக்கிய முக்கால் மணி அப்படியே போனது. பட்டியலில் வயசானவர்கள் இருக்கும் குரூப்புகளுக்கு முன்பே புள்ளி வைத்திருந்ததால், அந்தப் பதின்மூன்றை மட்டும் விரட்டி எடுத்தோம். மீதி ஒன்பதை மறுநாள் காலை ஏழு மணிக்கு எடுத்தேன். ராத்திரி முழுக்கத் தூங்காத முகங்கள், கலைந்த தலை, ஒரு சித்தப்பா கண்ணைத் திறக்கவே இல்லை. அந்த ஒன்பதும் சுமார்தான். மழைக்கு மாற்றுத் திட்டம் வாசலுக்கு இருந்தது, நேரத்துக்கு இல்லை. குரூப்புக்கு இரண்டாவது நேரம் ஒன்றைப் பதினோரு மணிக்கு வைத்திருக்கலாம். அப்போது எல்லோரும் மண்டபத்தில்தான் இருந்தார்கள், சும்மா உட்கார்ந்து கதை பேசிக்கொண்டு.

பதினொன்றரைக்கு என் ஆட்களை இரண்டு இரண்டு பேராக ஒரு மணி நேரம் தூங்கவைத்தேன். ஒன்றரைக்கு எழுப்பி, எல்லாக் கேமராவிலும் கார்டும் பேட்டரியும் புதிது போட்டோம். பாதி மீதம் இருந்தாலும் பரவாயில்லை, மாற்றிவிடவேண்டும். பேட்டரியால் ஒரு தடவை பட்டவன் நான். கேமராக்களின் கடிகாரத்தை எல்லாம் சாயங்காலமே பந்துலுவின் கைக்கடிகாரத்தோடு ஒத்துவைத்திருந்தேன். பிறகு நாலு கேமரா படத்தையும் நேரப்படி அடுக்க அதுதான் உதவியது.

1:50-க்கு கௌரி பூஜை முடிந்து, பெண்ணை மூங்கில் கூடையில் உட்காரவைத்து மேனமாமாக்கள், அதாவது தாய்மாமன்கள், தூக்கிவந்தார்கள். திரை ஏறியது. 2:09-க்கு வியூஃபைண்டரில் பார்க்கிறேன், பெண்ணின் கன்னம் கத்திரிப்பூ நிறம்! மேடை களையாக இல்லையே என்று யாரோ சொல்ல, டெக்கரேஷன் பையன் பார் லைட்டைத் திரும்பப் போட்டிருக்கிறான். நான் நகரமுடியாது. லைட் பையனைப் பார்த்தேன், அவனுக்குப் புரிந்துவிட்டது. மேடைக்குப் பின்னால் ஓடி, கையில் கிடைத்த பிளக்கைப் பிடுங்கினான். பார் லைட் போனது. கூடவே மைக்கும் போனது, இரண்டும் ஒரே போர்டில் இருந்திருக்கின்றன.

பந்துலு ஒரு நொடி மைக்கைப் பார்த்தார். அப்புறம் சொந்தக் குரலிலேயே தொடர்ந்தார். மண்டபம் அமைதியானது, மைக் இருந்தபோது இல்லாத அமைதி. அவர் துண்டில் ஒரு சின்ன ரெக்கார்டரைக் குத்திவைத்திருந்தோம். வீடியோவில் அந்த ஐந்து நிமிஷத்துக்கு ஒலி அதிலிருந்துதான் வந்தது.

உறவினர்கள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நகர ஆரம்பித்தார்கள். பெரிய மேனமாமாவிடம் சொல்லிவைத்திருந்தோம், "ரெண்டு பத்துக்கு நீங்க ஏணிக்கு முன்னாடி நின்னா போதும் மாமா." ஆறடி மனிதர். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். யாரையும் ஒன்றும் சொல்லவில்லை, யாரும் தாண்டவும் இல்லை.

பந்துலு என்னைப் பார்த்தார். கை மேலே போனது.

மேளம். வெற்றிலை அவள் உச்சியில் உட்கார்ந்தது. வெல்லம் இளகி, ஒரு சொட்டு நெற்றி வழியாக இறங்கி, அங்கே கட்டியிருந்த பாசிகத்தின் ஓரத்தில் நின்றது. அவள் கண்ணை மூடவில்லை. திரையில் ஒரு நூல் பிரிந்திருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். 1/100, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 2500. பதினொரு படம் எடுத்தேன், கண்ணில் ஃபோகஸ் சரியாக நின்றது மூன்று.

ஏணியில் இருந்தவனுக்குத்தான் அதிர்ஷ்டமில்லை. திரையை இரண்டு பக்கமும் ஒன்றாக இறக்குவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தோம். மாப்பிள்ளை பக்கம் பிடித்த சின்னப் பையன் முதலில் விட்டுவிட்டான். துணி சாய்ந்து பெண்ணின் முகத்தை மறைத்தது. அவன் படங்களில் மாப்பிள்ளை சிரிக்கிறார், எதிரே ஒரு துணி. திரை பிடிப்பவர்களோடு யாரும் பேசவில்லை. பந்துலுவில் தொடங்கி மேனமாமா வரை எல்லோரிடமும் பேசிய எனக்கு, துணியைப் பிடித்த இரண்டு பேர் நினைவுக்கே வரவில்லை.

உடை மாற்றி வெள்ளையில் பெண் வந்ததும் மாப்பிள்ளையின் ஆயா சத்தமாகவே கேட்டார். "இன்னாடி இது, கல்யாணத்துல வெள்ளப் பொடவ?" பக்கத்தில் இருந்த பெண் வீட்டுப் பாட்டி, தமிழும் தெலுங்கும் கலந்து, தன் கல்யாணத்தில் கட்டியதை இன்னும் பெட்டியில் வைத்திருக்கும் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். இரண்டு பேரும் தாலி கட்டும் நேரத்தில் மேடையைப் பார்க்காமல் கரையின் நெசவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆயாவும் தறிக்காரர்தானே. கேண்டிட் பையன் அதை எடுத்துவிட்டான், எந்தப் பட்டியலிலும் இல்லாத படம்.

தாலி 2:55-க்கு. நாத்தனார் முடிச்சு நினைத்தபடி வந்தது. மணமக்கள் ஒருவர் தலையில் ஒருவர் மஞ்சளரிசி கொட்டும் தலம்ப்ராலுவில் அரிசி மழை, லென்ஸ் விளிம்பிலிருந்து மஞ்சளரிசியை மறுவாரம் வரை தட்டினேன். நாலு மணிக்கு அருந்ததி பார்க்க வெளியே கூட்டிப்போனார்கள். வானம் முழுக்க மேகம். மேகம் இல்லாவிட்டாலும் ஆவணி மாதத்தில் அந்த நேரத்துக்கு சப்தரிஷி மண்டலம் அடிவானத்துக்குக் கீழே இருக்கும். பந்துலு கையை நீட்டினார், தெரிகிறது என்றார்கள் இருவரும். படம் நன்றாக வந்தது.

கோப்பும் ஆல்பமும்

காலை ஒன்பதுக்கு மண்டபத்திலேயே கார்டுகளை இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றினோம். போட்டோ நாலாயிரத்து எண்ணூறு. 24 மெகாபிக்சல் ரா கோப்பு ஒன்று சராசரியாக 27 எம்பி என்றால் கிட்டத்தட்ட 130 ஜிபி. வீடியோ தனி, 4கே-யில் நொடிக்கு 100 மெகாபிட் ஓடினால் மணிக்கு 45 ஜிபி. ஒரு டிஸ்க் என்னோடு நகரிக்கு, இன்னொன்று கேண்டிட் பையனோடு வேலூருக்கு. ஒரே வண்டியில் இரண்டையும் அனுப்புவதில்லை.

ஆல்பம் 12-க்கு 36 அங்குலம், வீட்டுக்கு நாற்பது ஷீட். பெண் வீடு மூன்று வாரத்தில் படங்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. மாப்பிள்ளை வீடு கார்த்திகை தீபம் தாண்டி அனுப்பியது, ஒப்பந்தத்தில் 45 நாள் என்று போட்டிருந்தும். அட்டைப் படம் நான் எதிர்பார்த்த மாதிரியே: மாப்பிள்ளை வீட்டுக்குத் தாலி, பெண் வீட்டுக்கு ஜீலகர்ர பெல்லம்.

அத்தையைத் தூணோரம்தான் எடுத்தேன், 70-200 லென்ஸில், தூரத்திலிருந்து, முகூர்த்தம் முடிந்து இரண்டு நிமிஷத்தில். கையில் அட்சதை, போடவில்லை. பெண் அதற்கு ஒரு முழு ஷீட் கேட்டாள். அவள் அம்மா வேண்டாம் என்றார்கள். இரண்டு நாள் போன் வரவில்லை. மூன்றாவது நாள் அம்மாவே கூப்பிட்டு, "ஃபுல் ஷீட்டே போட்டுடுங்க தம்பி. அப்புறம் அதுல தனியா ஒண்ணு பிரிண்ட் போட்டு, ஃப்ரேம் பண்ணி, அவங்க வீட்டுக்கு நீங்களே குடுத்துடுங்க. நான் குடுத்தா வாங்க மாட்டாங்க" என்றார்கள்.